ஜன்னலில் நின்ற பிள்ளை



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

வரும் புதன்கிழமை பெப்ரவரி 4. சுதந்திர தின நிகழ்வுக்காக எங்கள் பாடசாலையில் இரண்டு வாரமாக ப்ரக்டிஸ் நடக்கிறது. கொடியேற்றம், தேசிய கீதம், அதன் பிறகு பிள்ளைகளின் ஒரு குழுப்பாடல். இந்த வருடமும் பாட்டுக்குப் பொறுப்பு நான்தான். எனக்குச் சங்கீதம் தெரியும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மற்றப் பொறுப்புகளை எல்லாம் மற்றவர்கள் எடுத்த பிறகு மிஞ்சியது இதுதான்.

ஆனால் இந்த வருடம் ஒரு மாற்றம். ப்ரக்டிஸ் நடக்கும் வகுப்பறையின் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். ஜன்னல்களும் திறந்திருக்கின்றன. விரும்பிய பிள்ளை வந்து பின்வாங்கில் இருந்து பார்க்கலாம். "ஏன் சேர் இப்படிச் சந்தை மாதிரி ஆக்கி வச்சிருக்கீங்க?" என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். வட்ஸ்அப்பில் இரண்டு பெற்றோரும் கேட்டார்கள். அவர்களுக்கான பதில்தான் இந்தப் பதிவு.

ஒன்பது வருடத்துக்கு முந்திய கதை. அப்போது நான் வேறொரு பாடசாலையில் இருந்தேன். அங்கேயும் பெப்ரவரி 4, அங்கேயும் குழுப்பாடல். ஊரில் பிரதேச செயலக மேடை. பன்னிரண்டு பிள்ளைகளைத் தெரிவு செய்தேன். எப்படித் தெரிவு செய்தேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. பன்னிரண்டு பேரும் ஏ வகுப்பு. சீருடை வெள்ளையாக இருக்கும், சொன்னதைக் கேட்பார்கள், மேடையில் மானத்தை வாங்கமாட்டார்கள். யாருடைய குரலையும் நான் கேட்டுப் பார்க்கவில்லை.

அந்தப் பாட்டின் கடைசிச் சரணத்தில் குரல் சட்டென்று மேலே ஏற வேண்டும். என் பன்னிரண்டு பேருக்கும் அந்த இடம் எட்டவில்லை. ஒவ்வொரு நாளும் அங்கே வந்து முறியும். நான் கத்துவேன், மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம். கதவு பூட்டியிருக்கும். மற்றப் பிள்ளைகள் பார்த்தால் இவர்களுக்குக் கூச்சம் வரும் என்பது என் நியாயம். உண்மையில், சரிவராத ஒன்றை வேறு ஆசிரியர்கள் பார்த்துவிடக் கூடாது என்ற கூச்சம் எனக்குத்தான் இருந்தது.

ஒரு ஜன்னலில் மட்டும் கொக்கி உடைந்திருந்தது. அங்கே எட்டாம் தரம் சி வகுப்புப் பையன் ஒருவன் தினமும் வந்து நிற்பான். இரண்டு தரம் விரட்டினேன், மறுபடி வந்தான். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, அந்தச் சரணம் வழக்கம்போல் முறிந்தபோது ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் அதே வரியை எடுத்துப் பாடியது. பன்னிரண்டு பேரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் பகிடி பண்ணுகிறான் என்று நினைத்தேன். வெளியே போய்க் காதைப் பிடித்து, அடிமட்டத்தால் இரண்டு போட்டு, "இஞ்ச என்னடா வேல? வகுப்புக்குப் போ!" என்று துரத்திவிட்டேன். அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

மேடையில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கடைசிச் சரணத்தில் பன்னிரண்டு குரலும் பன்னிரண்டு பக்கம் போயின. சபை நாகரிகமாகக் கைதட்டியது. அந்த நேரத்தில்தான் ஜன்னலில் கேட்ட குரல் மறுபடி என் காதில் வந்தது. அவன் பகிடி பண்ணவில்லை. அந்த இடத்தைச் சரியாகப் பாடியிருக்கிறான். எங்கள் பாடசாலையில் அந்த வரியைச் சரியாகப் பாடக்கூடியவன் அவன் ஒருவன்தான். அவனைத்தான் நான் அடித்துத் துரத்தியிருக்கிறேன்.

அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆசிரியர் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பதா என்ற எண்ணம். அடுத்த வருடம் எனக்கு இடமாற்றம் கிடைத்தது. மறந்தும் போனேன்.

இது மறுபடி ஞாபகம் வந்தது போன ஓகஸ்ட் விடுமுறையில். ஆசிரியர் கலாசாலையில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பன் ஒருவன், மலையகத்துப் பிள்ளை. அவன் வீட்டுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். கலாசாலைக் காலத்தில் அவனிடம் ஒரு பழைய கிட்டார் இருந்தது. இரவில் படிப்பு முடிந்த பிறகு கட்டிலில் இருந்து வாசிப்பான். நாங்கள் மூன்று பேர்தான் சபை. பாதியில் நின்று, "இருங்கடா, தப்பாயிருச்சு" என்பான். மறுபடி தொடங்குவான். ஒரே வரியை இருபது தரம் கேட்டிருக்கிறோம். இருபத்தோராவது தரம் சரிவரும்போது எங்களுக்கே ஏதோ சாதித்த மாதிரி இருக்கும். அதே பாட்டைக் கலாசாலையின் கலை விழாவில் ஒரு பிழையும் இல்லாமல் பாடினான். மண்டபமே கைதட்டியது. எனக்கு மட்டும் என்னவோ குறைந்த மாதிரி இருந்தது. அறையில் கேட்டதுதான் உண்மையான பாட்டு என்று தோன்றியது.

(மியூசிக் கூடுமா கூடாதா என்ற விவாதத்தைத் தயவுசெய்து கமெண்டில் தொடங்க வேண்டாம். நான் ஆலிம் இல்லை. எங்கள் பிள்ளைகள் பாடுவது கருவி இல்லாமல்தான், சில வேளை ஒரு றபானோடு. நான் இங்கே பேச வந்தது பிள்ளைகளைப் பற்றி.)

அந்த விடுமுறையில் அவன் எனக்கு ஒரு படம் போட்டுக் காட்டினான். பீட்டில்ஸ் என்ற ரொக் இசைக்குழுவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுக நகரத்துப் பையன்கள் நாலு பேர்: ஜோன் லெனன், போல் மெக்கார்ட்னி, ஜோர்ஜ் ஹரிசன், ரிங்கோ ஸ்டார். 1969 ஜனவரியில் இவர்கள் புதிய பாட்டுகளுக்கு ஒத்திகை பார்த்ததை முழுவதுமாகப் படம் பிடித்து வைத்திருந்தார்கள். ஐம்பது வருடத்துக்குப் பிறகு, 2021 நவம்பரில், பீட்டர் ஜக்சன் என்ற இயக்குநர் அதை ஏறக்குறைய எட்டு மணித்தியாலப் படமாகத் தொகுத்து வெளியிட்டார். பெயர் 'கெட் பெக்'.

எட்டு மணித்தியாலம் என்றதும் எனக்குக் கொட்டாவி வந்தது. ஆனால் இரண்டு இரவு இருந்து முழுவதையும் பார்த்தேன். ஏனென்றால் அதில் இருப்பது பெரும்பாலும் பிழைகள். உலகத்திலேயே பெரிய இசைக்குழு, ஆனால் சொல் கிடைக்காமல் வாய்க்கு வந்ததைப் பாடுகிறார்கள். ஒருவர் பிந்தி வருகிறார். இருவர் முறைத்துக்கொள்கிறார்கள். ஜனவரி 10ஆம் திகதி ஜோர்ஜ் கோபித்துக்கொண்டு எழுந்தே போய்விடுகிறார். சில நாட்கள் கழித்துத்தான் திரும்பி வருகிறார்.

ஒரு காட்சியை நான் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறேன். ஜோன் இன்னும் வரவில்லை. போல் சும்மா கிட்டாரைத் தட்டிக்கொண்டு ஏதோ முனகுகிறார். பக்கத்தில் ஜோர்ஜ் கொட்டாவி விடுகிறார். முனகல் மெல்ல மெல்ல ஒரு மெட்டாகிறது. கொட்டாவி விட்ட ஜோர்ஜ் தன் கிட்டாரைச் சேர்க்கிறார், ரிங்கோ கைதட்டத் தொடங்குகிறார். சில நிமிடத்தில், பின்னாளில் உலகமே பாடிய ஒரு பாட்டு எங்கள் கண்முன்னால் பிறக்கிறது. அந்த நாலு பேருக்கும் சங்கீதத்தை எழுதவோ வாசிக்கவோ தெரியாது. ஸ்வரக் குறிப்பு தெரியாதவர்கள். கேட்டுக் கேட்டு, பிழைவிட்டுப் பிழைவிட்டுத்தான் எல்லாம்.

படம் பார்த்து முடிந்த இரவு நண்பன் இன்னொரு கதை சொன்னான். அந்தக் கதைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அந்தக் காலத்தில் பீட்டில்ஸ் லண்டனில் எபி ரோட் என்ற தெருவில் உள்ள ஸ்டூடியோவில்தான் பாட்டுப் பதிவு செய்வார்கள். வாசலில் எந்த நேரமும் இளம் பிள்ளைகள் கொஞ்சப் பேர் நிற்பார்கள், பெரும்பாலும் பெண் பிள்ளைகள். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். என்றாலும் நிற்பார்கள். குளிருக்கும் நிற்பார்கள், மழைக்கும் நிற்பார்கள். போகும்போதும் வரும்போதும் ஒருதரம் முகம் பார்த்தால் போதும் அவர்களுக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'அக்ரோஸ் த யுனிவர்ஸ்' என்ற ஜோன் லெனனின் பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். அதில் ஓர் இடத்துக்கு உயர்ந்த குரல் தேவைப்பட்டது. அங்கே இருந்த ஆண்களின் குரல் அதற்குப் பொருந்தவில்லை. விடுமுறை நாள், பாடகிகளைத் தேடிப் பிடிக்கவும் வழியில்லை. அப்போது போல் மெக்கார்ட்னி காத்திருந்த பிள்ளைகளிடம் போய், உங்களில் யாராவது உயர்ந்த ஸ்வரத்தைப் பிடித்துப் பாடுவீர்களா என்று கேட்டார். இரண்டு பேர் முன்னுக்கு வந்தார்கள். ஒருவர் பிரேசில் நாட்டுப் பெண் லிசி பிராவோ, வயது 16. மற்றவர் லண்டன்காரி கேலீன் பீஸ், வயது 17. இரண்டு பேரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போய், ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்திப் பாட வைத்தார்கள். பாடி முடிந்ததும் நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் போன பிறகும் உள்ளே வேலை தொடர்ந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையின் திகதி 1968 பெப்ரவரி 4.

நமது நாட்டின் இருபதாவது சுதந்திர தினம். நண்பன் தற்செயலாகத்தான் திகதியைச் சொன்னான். எனக்கு உடனே அந்தக் கொக்கி உடைந்த ஜன்னல்தான் கண்முன்னால் வந்தது. அங்கேயும் ஒரு வரி எட்டவில்லை, இங்கேயும் எட்டவில்லை. அங்கேயும் வெளியே ஒரு குரல் இருந்தது, இங்கேயும் இருந்தது. போல் மெக்கார்ட்னி வெளியே போய்க் கேட்டார். நானும் வெளியே போனேன், கையில் அடிமட்டத்தோடு.

கதையை இனிப்பாக முடிக்க விரும்பவில்லை, ஏனென்றால் அது அப்படி முடியவில்லை. அந்தப் பாட்டு உடனே வெளிவரவில்லை. அந்த மார்ச்சில் 'லேடி மடோனா' என்ற வேறொரு பாட்டைத்தான் இசைத்தட்டாக வெளியிட்டார்கள். இது கிட்டத்தட்ட இரண்டு வருடம் கிடந்து, 1969 டிசம்பரில் உலக வனஜீவராசிகள் நிதியத்துக்காக வெளியான ஓர் இசைத்தட்டில் சேர்ந்தது. 1970இல் பீட்டில்ஸின் சொந்த இசைத்தட்டில் அதே பாட்டு வந்தபோது அந்தப் பெண் பிள்ளைகளின் குரலை எடுத்துவிட்டு, பெரிய வாத்தியக் குழுவையும் வேறு பாடகர்களையும் சேர்த்திருந்தார்கள். ஜோன் லெனனுக்கே தன் பாட்டின் பதிவில் கடைசி வரைக்கும் திருப்தி இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்கள் கதவைத் திறந்தது தர்மத்துக்காக அல்ல. தேவை வந்தது, திறந்தார்கள். மற்ற நாட்களில் அந்தப் பிள்ளைகள் வாசலில்தான் நின்றார்கள். ஆனாலும் தேவை வந்த நேரத்தில், வெளியே நிற்பவர்களிடமும் குரல் இருக்கலாம் என்ற நினைப்பு ஒருவருக்கு வந்தது. எனக்கு அது வரவில்லை. என் தேவை அவர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தும் வரவில்லை.

லிசி பிராவோ பிறகு பிரேசிலுக்குத் திரும்பி, அந்த வாசல் நாட்களைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். 2021 ஒக்டோபரில் காலமானார். பாட்டிலிருந்து குரலை எடுத்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமையை அவரிடமிருந்து யாராலும் எடுக்க முடியவில்லை. நம்மிடம் படித்த பிள்ளைகளும் அப்படித்தான். பரிசு கிடைத்ததா, எத்தனையாம் இடம் என்பதெல்லாம் மறந்துபோகும். உள்ளே கூப்பிட்டார்களா, துரத்தினார்களா என்பதுதான் தங்கும்.

விடுமுறை முடிந்து ஊருக்கு வந்ததும் அந்தப் பையனைத் தேடினேன். தேடுவது கஷ்டமாக இருக்கவில்லை. ஓ.எல். முடித்துவிட்டுப் பக்கத்து ஊரில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. அங்குள்ள பள்ளிவாசலில் முஅத்தின் லீவில் போகும் நாட்களில் பாங்கு சொல்வது அவன்தானாம். கடைக்குப் போனேன். ஒரு டின் பெயின்ற் வாங்க வந்த மாதிரி நின்றேன். அவனே கண்டுபிடித்துவிட்டான்.

"சேர்! வாங்க வாங்க, இரிங்க."

கதிரையைத் துடைத்துப் போட்டான். நான் இருந்து, தொண்டையைச் சரிசெய்து, ஜன்னல் கதையைச் சொன்னேன். அன்றைக்கு நான் செய்தது பிழை, நீ சரியாகத்தான் பாடினாய், என்னை மன்னித்துக்கொள் என்றேன். இந்த வசனத்தை வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு சிரித்துக்கொண்டே கேட்டான்:

"எந்த அடி சேர்? நீங்க அடிச்சது ஒருக்காவா?"

அவனுக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. நான் ஒன்பது வருடம் மறந்து, பிறகு ஒரு மாதமாக நினைத்து நினைத்து வருந்திய ஒரு அடி, அவனுக்குப் பல அடிகளில் ஒன்று. அதைவிடப் பெரிய தண்டனை எனக்குத் தேவைப்படவில்லை. கடையில் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பெயின்ற்றை வாங்கிக்கொண்டு, எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒருதரம் வந்து பாட்டுச் சொல்லித் தருவாயா என்று கேட்டேன். "நானா? எனக்கென்ன தெரியும் சேர்? கடைலயும் லீவு இல்ல" என்றான்.

போன வாரம், நான் எதிர்பார்க்காத ஒரு பின்னேரம் வந்தான். வேலை முடிந்து வந்த சேர்ட்டில் சீமெந்துத் தூள். பிள்ளைகள் முப்பது பேர் வரைக்கும் இருந்தார்கள். பாடுபவர்கள் பதினாலு, மிச்சம் எல்லாம் பார்க்க வந்தவர்கள். கதவடியில் நின்றவனைக் கையைப் பிடித்துத்தான் உள்ளே கூட்டிக்கொண்டு வர வேண்டியிருந்தது. மேலே ஏறுகிற அந்த வரியைப் பாடிக் காட்டச் சொன்னேன். பாடினான். குரல் உடைந்துவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். "பொறுங்க, பிழைச்சிட்டு" என்று சொல்லித் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எடுத்தான். அந்தத் தரம் அது நேராகப் போய் நின்றது.

நான் பத்து நாள் கத்தியும் வராத ஒன்று அதற்குப் பிறகு வரத் தொடங்கியது. அவன் ஏதும் வித்தை சொல்லித் தரவில்லை. வளர்ந்த ஒருவன் எல்லோருக்கும் முன்னால் பிழைவிட்டு, சிரித்து, மறுபடி பாடியதை அவர்கள் பார்த்தார்கள். எங்கள் பாடசாலைகளில் பிள்ளைகள் அதைப் பார்ப்பதே இல்லை. கரும்பலகையில் நாங்கள் சரியான விடையை மட்டும் எழுதுகிறோம். மேடையில் சரியான பாட்டை மட்டும் காட்டுகிறோம். அந்த விடைக்கும் பாட்டுக்கும் எத்தனை பிழைகளைத் தாண்டி வந்தோம் என்பதைக் கதவைப் பூட்டி மறைத்துவிடுகிறோம். பிழைவிடுகிற பிள்ளை, உலகத்தில் தான் மட்டும்தான் பிழைவிடுகிறோம் என்று நினைத்துப் பின்வாங்கில் ஒளிந்துகொள்கிறது.

திறந்த கதவால் கஷ்டமும் இருக்கிறது. சத்தம் கூடுகிறது. பக்கத்து வகுப்பில் மேலதிக வகுப்பு எடுக்கும் டீச்சர் இரண்டு தரம் வந்து ஏசிவிட்டுப் போனார், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. பார்க்க வருகிற பிள்ளைகளில் சிலர் உண்மையாகவே பகிடி பண்ணத்தான் வருகிறார்கள். ஆனால் பார்க்க வந்த கூட்டத்திலிருந்து மூன்று பேர் இப்போது பாடும் வரிசையில் நிற்கிறார்கள். அந்தப் பதினாலு பேருக்குள் அவர்களும் அடக்கம். அதில் ஒருவர் நான் தெரிவு செய்திருக்கவே மாட்டாத பிள்ளை. யாரென்று சொல்லமாட்டேன், அந்தப் பிள்ளையின் உம்மாவும் இந்தப் பதிவை வாசிப்பார்.

பிள்ளைகளுக்கு ஒரு சின்னச் செய்தியும் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நாற்பது வருடம் நிறைந்த 2008 பெப்ரவரி 4 அன்று, நாசா 'அக்ரோஸ் த யுனிவர்ஸ்' பாட்டைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி அலையாக அனுப்பியது. அது போய்ச் சேர இன்னும் நானூறு வருடத்துக்கு மேல் ஆகும். "அப்ப இப்பவும் போய்க்கொண்டா சேர் இரிக்கி?" என்று ஒரு பிள்ளை கேட்டது. ஓம், போய்க்கொண்டுதான் இருக்கிறது.

புதன்கிழமை நிகழ்வுக்கு எல்லோரும் வருவீர்கள், போட்டோ எடுப்பீர்கள், கைதட்டுவீர்கள். சந்தோஷம். ஆனால் முடிந்தவர்கள் திங்களும் செவ்வாயும் லுஹருக்குப் பிறகு, 2 மணியளவில் ப்ரக்டிஸுக்கும் ஒருதரம் வாருங்கள். உங்கள் பிள்ளை பாடுகிறதா இல்லையா என்பது முக்கியமில்லை. பின்னால் வாங்கு போட்டிருக்கிறோம். பாட்டு இன்னும் முழுசாகச் சரிவரவில்லை. அதைப் பார்க்கத்தான் கூப்பிடுகிறேன்.

என்னிடம் படித்து, என் கையால் காரணமில்லாமல் அடி வாங்கிய யாராவது இதை வாசித்தால், உங்களில் ஒவ்வொருவரையும் தேடிக் கடைக்கு வர என்னால் முடியாது. இங்கேயே கேட்கிறேன். மாப்புத் தாருங்கள். எனக்காக துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.